‘உன்னைச் சொல்லவில்லை’ என்கிறார் பக்கத்து வீட்டு அம்மா

கேள்வி: சுவிட்சர்லாந்தின் ஆர்காவ் மாநிலத்தில் ஒரு சிறிய ஊரில் 24 ஆண்டுகளாக வாழ்கிறேன். கணவர் 1988இல் அகதியாக வந்தவர், உணவகச் சமையலறையில் வேலை. நான் திருமணம் முடித்து அவரிடம் வந்தேன். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளராக இருக்கிறேன். எதிர் வீட்டு சுவிஸ் அம்மாவுக்கு வயது 74. நான் அதிகாலை வேலைக்குப் போகும் நாட்களில் என் மகனைப் பாலர் பாடசாலைக்குக் கைபிடித்துக் கூட்டிப் போனவர் அவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னல் பாண் சுட்டு எங்களுக்குப் பாதி தருவார். சென்ற மாதம் உடுப்புத் தோய்க்கும் அறையில், ‘10 மில்லியன் சுவிட்சர்லாந்து வேண்டாம்’ என்ற மனுவில் தானும் கையெழுத்து வைத்ததாகவும், வாக்கெடுப்பிலும் ‘ஆம்’ என்றே போடுவதாகவும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். என் முகம் மாறியதைக் கண்டு, ‘உன்னைச் சொல்லவில்லை’ என்று தோளைத் தொட்டார். 17 வயது மகன் இதைக் கேட்டதிலிருந்து அவருக்கு வணக்கம் சொல்வதில்லை. கணவரோ, ‘புதிதாக வருகிறவர்களால் எங்கள் பெயரும் கெடுகிறது. எனக்கு வாக்கு இருந்தால் நானும் அப்படித்தான் போடுவேன்’ என்கிறார். இத்தனை வருடமும் அவர் காட்டிய அன்பு பொய்யா? இனி அவரோடு எப்படிப் பழகுவது?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

அந்த அன்பு பொய் அல்ல. பனி கொட்டும் ஜனவரிக் காலையில் அயல் வீட்டுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பாடசாலை வரை நடப்பதை யாரும் நடிப்புக்காகச் செய்வதில்லை. அந்தக் கை உண்மை. மனுவில் அதே கை வைத்த கையெழுத்தும் உண்மை. இரண்டும் ஒரே மனிதரிடம் எப்படிக் குடியிருக்க முடியும் என்பதுதான் உங்களை வாட்டுகிறது என்று நினைக்கிறேன்.

நம்மவர்களுக்கும் இங்குள்ள பாடசாலைகள், மருத்துவமனைகள், சமூகநல அலுவலகங்களுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளராகவும் இணக்கப் பணியாளராகவும் 19 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ‘உன்னைச் சொல்லவில்லை’ என்ற வாக்கியத்தை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. ஒரு தடவை அதை நானே தமிழில் சொல்ல வேண்டி வந்தது. பெற்றோர் சந்திப்பில் ஓர் ஆசிரியர், ‘இந்த வகுப்பில் வெளிநாட்டுப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள், பாடம் நடத்தவே முடியவில்லை’ என்றார். சொன்ன பிறகுதான் எதிரே இருந்த தாயின் முகத்தைப் பார்த்தார். ‘உங்களைச் சொல்லவில்லை’ என்று அவசரமாகச் சேர்த்தார். முதல் வாக்கியத்தை நான் தமிழில் சொன்னபோது அந்தத் தாய் தலைகுனிந்தார். இரண்டாவதைச் சொன்னபோது இன்னும் குனிந்தார். அந்த இரண்டாவது குனிவை நான் இன்றும் மறக்கவில்லை.

சொல்பவருக்கு அது ஆறுதல் வார்த்தை. கேட்பவரைக் கூட்டத்திலிருந்து தனியே பிரித்து ஓரமாக உட்காரவைக்கிறது, கூட்டமோ இருந்த இடத்திலேயே நிற்கிறது. உங்கள் விஷயத்தில் அந்தக் கூட்டத்துக்குள் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்போம்.

அந்த அம்மா கையெழுத்து வைத்தது, வலதுசாரிகளான சுவிஸ் மக்கள் கட்சி 2024 ஏப்ரலில் கையளித்த மனு. போதிய கையெழுத்து சேர்ந்தால் இப்படிப்பட்ட மனு நாடு தழுவிய வாக்கெடுப்புக்குப் போகும். 2050க்கு முன் நாட்டின் நிரந்தர வதிவாளர் தொகை 10 மில்லியனைத் தாண்டக் கூடாது என்கிறது. 9.5 மில்லியனைத் தாண்டினாலே அகதி விண்ணப்பங்களிலும் குடும்ப ஒன்றிணைவிலும் அரசு இறுக்கத் தொடங்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் ஐரோப்பிய ஒன்றியத்தோடு உள்ள, இரு பக்கத்தாரும் மறுபக்கம் போய் வாழவும் வேலை செய்யவும் இடம் தரும் சுதந்திர நடமாட்ட உடன்படிக்கையை முறித்துக்கொள்ள வேண்டும். இப்போது உங்கள் வீட்டை நினைத்துப் பாருங்கள். கணவர் வந்தது அகதி விண்ணப்பத்தின் வழியாக. நீங்கள் வந்தது குடும்ப ஒன்றிணைவின் வழியாக. அந்த அம்மா அறியாமலே உங்களைத்தான் சொல்லியிருக்கிறார். உங்கள் கணவரும், தான் நுழைந்த கதவையும் தன் மனைவி நுழைந்த கதவையும் சாத்துவதற்குத்தான் வாக்குப் போடுவேன் என்கிறார். இதை அவரைக் குத்துவதற்காக எழுதவில்லை. அவர் பக்கத்துக்குப் பிறகு வருகிறேன்.

‘வெளிநாட்டவர்’ என்று இந்த நாட்டில் ஒருவர் சொல்லும்போது யாருடைய முகம் அவர் மனதில் வருகிறது என்பது காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது. சுவிஸ் கடவுச்சீட்டு இல்லாமல் இங்கு வாழ்பவர்கள் ஏறக்குறைய 27 சதவீதம். அதில் மிகப் பெரிய கூட்டங்கள் இத்தாலியர், ஜெர்மானியர், போர்த்துக்கீசர், பிரெஞ்சுக்காரர். 2007இல் ஒரு பிரபல நாளேடு, சுவிட்சர்லாந்து எத்தனை ஜெர்மானியரைத் தாங்கும் என்று தொடர் கட்டுரையே போட்டது. ஒரே எழுத்து, ஒரே தேவாலயம், ஒரே தோல் நிறம். அப்படியும், மருத்துவமனையில் எதிரே நிற்கும் வைத்தியர் உள்ளூர் சுவிஸ் ஜெர்மன் பேச்சில் பதில் சொல்லாமல் ஜெர்மனி நாட்டு ஜெர்மனை வேகமாகப் பேசினார் என்பதே பலருக்கு, தன் ஊரிலேயே தான் அந்நியமாகிப் போனது போன்ற உணர்வைத் தந்தது. தோல் நிறத்தால் வரும் வெறுப்பு இங்கு இல்லை என்று நான் சொல்ல வரவில்லை, அது இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் அதற்குள் போட்டு மூடினால் உங்கள் அயலவர் உங்களுக்கு விளங்காமலே போவார்.

அந்த அம்மா பிறந்த காலத்தில் அந்நியர் என்றால் இத்தாலியர். ‘ஊபர்ஃப்ரெம்டுங்’ என்று ஜெர்மனில் ஒரு சொல் உண்டு. அந்நியம் அளவுக்கு மிஞ்சி ஊரே மாறிப்போவது என்று பொருள் கொள்ளலாம். அந்தச் சொல்லோடுதான் 1970 ஜூன் 7 அன்று, ஜேம்ஸ் ஸ்வார்ட்ஸென்பாக் என்ற நாடாளுமன்ற உறுப்பினரின் மனு வாக்கெடுப்புக்கு வந்தது. எந்த மாநிலத்திலும் வெளிநாட்டவர் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஜெனீவாவுக்கு மட்டும் 25 வரை சலுகை. அது வென்றிருந்தால் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற வேண்டியிருந்திருக்கும். வாக்களித்தவர்கள் ஆண்கள் மட்டுமே, பெண்களுக்கு வாக்குரிமை அடுத்த ஆண்டுதான் கிடைத்தது. 54 சதவீதம் ‘இல்லை’ என்றதால் மனு தோற்றது. 46 சதவீதம் ‘ஆம்’ என்றது. அன்று அந்த அம்மா இளம்பெண்ணாக இருந்திருப்பார். வீட்டு மேசையில் அப்பாவும் அண்ணன்மாரும் இதைப் பற்றி வாதாடியதைக் கேட்டுக்கொண்டு, தனக்கென்று ஒரு வாக்கு இல்லாமல் உட்கார்ந்திருப்பார். இதை அவரிடம் ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். நிறையச் சொல்வார் என்பது என் நம்பிக்கை.

அன்றைய இத்தாலியத் தொழிலாளி இந்த நாட்டின் சுரங்கப்பாதைகளையும் அணைகளையும் வீடுகளையும் கட்டினான். பருவகால அனுமதியில் ஒன்பது மாதம் வேலை, பிறகு ஊருக்குத் திரும்ப வேண்டும். மனைவி மக்களைக் கூட்டி வர அனுமதியில்லை. ஆனாலும் பலர் பிள்ளைகளைக் கொண்டுவந்து ஒளித்து வளர்த்தார்கள். ‘அலுமாரிப் பிள்ளைகள்’ என்று அவர்களுக்கு இன்று பெயர். அந்த அனுமதி முறை 2002 வரை சட்டத்தில் இருந்தது.

அவர்களில் ஒருவரை நான் ஒரு முதியோர் இல்லத்தில் சந்தித்தேன். ஆறு வயதில் பெற்றோர் அவரை ஷாஃப்ஹவுசனுக்குக் கொண்டுவந்தார்களாம். பெற்றோர் தொழிற்சாலைக்குப் போன பிறகு நாள் முழுவதும் ஓர் அறையில் தனியே இருப்பார். சப்பாத்து போடக் கூடாது, கழிப்பறையில் தண்ணீர் இறைக்கக் கூடாது, கதவு தட்டினால் அலுமாரிக்குள் போய்விட வேண்டும். ‘குதிகாலைத் தரையில் வைக்காமல் நடக்கப் பழகினேன்’ என்று சொல்லி, 60 வயதைத் தாண்டிய அந்த மனிதர் சக்கர நாற்காலியில் இருந்தபடியே பாதத்தை வளைத்துக் காட்டினார். என் கண் கலங்கிவிட்டது. சற்று நேரத்தில் பேச்சு அரசியலுக்குத் திரும்பியது. 2014 பெப்ரவரியில் குடியேற்றத்துக்கு உச்சவரம்பு கேட்டு வந்த மனு 50.3 சதவீதத்தில் வென்றதே, அதற்கு அவர் ‘ஆம்’ போட்டிருக்கிறார். ஏன் என்று கேட்டேன். ‘நாங்கள் கஷ்டப்பட்டு வந்தோம். இவர்கள் சும்மா வருகிறார்கள்’ என்றார்.

உங்கள் கணவர் சொல்வதும் இதையேதான், சகோதரி. கஷ்டப்பட்டு ஓர் இடத்தைப் பிடித்தவருக்கு, அடுத்து வருகிறவர் அதைப் பறித்துவிடுவாரோ என்ற பயம் வரும். அதற்காக அவரைக் கெட்டவர் என்று எண்ணிவிடாதீர்கள். ஆனால் 1988இல் தமிழனை இந்த நாடு எப்படிப் பார்த்தது என்பதை அவருக்கு நினைவூட்டுங்கள். பெர்ன் ரயில் நிலையத்தில் கறுப்புத் தோல் அங்கி போட்டுக்கொண்டு நான்கு தமிழ் இளைஞர்கள் நின்றால், போதைப்பொருள் காசு என்று பத்திரிகைகள் எழுதிய காலம் அது. ‘போலி அகதி’ என்ற சொல் தமிழரின் நெற்றியில் ஒட்டியிருந்தது. 1989 ஜூலையில் கூர் நகரில் தமிழ் அகதிகள் தங்கியிருந்த வீடு எரிந்து நால்வர் மாண்டார்கள். இன்று அதே தமிழர் ‘உழைப்பாளிகள், அமைதியானவர்கள்’ என்று முன்மாதிரியாகக் காட்டப்படுகிறார்கள். 2014இல் பெர்னில் திறக்கப்பட்ட சமயங்களின் இல்லத்தில் பள்ளிவாசலும் தேவாலயமும் இருக்கும் அதே கூரையின் கீழ் நம் கோயிலும் இருக்கிறது.

இந்த மாற்றத்தில் நம் உழைப்புக்குப் பங்கு உண்டு, அதை நான் குறைக்கவில்லை. ஆனால் வேறொன்றும் நடந்தது. நமக்குப் பின் பால்கன் நாட்டவர் வந்தார்கள். சுட்டுவிரல் அவர்கள் பக்கம் திரும்பியது. 2000 மார்ச்சில் லுசேர்ன் மாநிலத்து எம்மென் ஊரில், யாருக்குக் குடியுரிமை கொடுப்பது என்று ஊரார் வாக்குச்சீட்டிலேயே முடிவு செய்தார்கள். இத்தாலியப் பெயர் கொண்டவர்களுக்குக் கிடைத்தது. பால்கன் பெயர்கள் தள்ளப்பட்டன. 30 ஆண்டுகளுக்கு முன் வெளியே போகச் சொல்லப்பட்ட அதே இத்தாலியர்! வாக்குச்சீட்டில் குடியுரிமை வழங்குவது அரசியலமைப்புக்கு முரண் என்று 2003இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்த்தது. பிறகு விரல் முஸ்லிம்கள் பக்கம் போனது. நாடு முழுவதற்கும் நான்கே மினாரத்துகள் (பள்ளிவாசல் கோபுரங்கள்) இருந்த நேரத்தில், 2009 நவம்பரில், 57.5 சதவீதம் பேர் இனிமேல் மினாரத்து கட்டக் கூடாது என்று வாக்களித்தார்கள். ‘நல்ல வெளிநாட்டவர்’ என்ற பட்டம் நமக்கு இந்த வரிசை நகர்ந்ததால்தான் பாதி கிடைத்தது. இப்படிக் கிடைத்த பட்டத்தை நம்பி எரித்திரியப் பையனையும் ஆப்கான் பையனையும் காட்டிக்கொடுத்தால், அந்த விரல் நம் பக்கம் திரும்பும் நாளில் நம்மோடு நிற்க யார் இருப்பார்கள்?

அந்த 2009 வாக்கெடுப்பில் இன்னொன்றையும் கவனியுங்கள். மறுத்தவை ஜெனீவா, வோ, நொய்ஷாத்தெல், பாசல் நகரம் ஆகிய நான்கு மாநிலங்கள் மட்டுமே. எல்லாம் வெளிநாட்டவர் நிறைந்த இடங்கள். முஸ்லிம்களைக் காண்பதே அரிதான அப்பென்செல் இன்னர்ரோடன் மாநிலத்தில் 71 சதவீதம் ‘ஆம்’. அருகில் வாழ்ந்தால் பயம் குறையும் என்பதற்கு இதை உதாரணம் காட்டுவார்கள். பெரும்பாலும் சரிதான், ஆனால் எப்போதும் இல்லை. 2014 குடியேற்ற வாக்கெடுப்பில், தினமும் எல்லை தாண்டி வரும் இத்தாலியத் தொழிலாளிகளைக் கண்ணெதிரே பார்க்கும் திச்சினோ மாநிலம்தான் 68 சதவீதத்தோடு ‘ஆம்’ போட்டவர்களில் முன்னே நின்றது. சம்பளம் குறைகிறது, சாலை நெரிகிறது என்பது அவர்களுடைய குறை. இன்னொரு பக்கம், 2017இல் மூன்றாம் தலைமுறைப் பிள்ளைகளுக்குக் குடியுரிமையை எளிதாக்கவும், 2020இல் சுதந்திர நடமாட்டத்தை முறிக்காமல் வைத்திருக்கவும் இதே மக்கள் தெளிவான பெரும்பான்மையோடு வாக்களித்தார்கள். ஆகவே ‘இவர்களுக்கு எங்களைப் பிடிக்காது’ என்று மகன் சொன்னால் அது உண்மையில் பாதிதான்.

இப்போது உங்கள் எதிர் வீட்டுக்கு வருவோம். 1954இல் கோர்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர், வெவ்வேறு கூட்டத்தார் சமமான நிலையில், பொதுவான ஒரு காரியத்துக்காகப் பழகினால் தப்பெண்ணம் தணியும் என்று எழுதினார். பிறகு வந்தவர்கள் ஒரு சிக்கலைக் கண்டார்கள். பழகிய மனிதரை நம் மனம் ‘விதிவிலக்கு’ என்று தனிப் பெட்டியில் போட்டுவிட்டால், அவர் மீதுள்ள அன்பு அவருடைய கூட்டத்தின் பக்கம் பாயாது. அந்த அம்மா உங்களை அப்படித்தான் வைத்திருக்கிறார். அதில் உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கலாம். கேட்கிறேன், தவறாக எடுக்க வேண்டாம்: நீங்கள் எப்படி வந்தீர்கள் என்று 24 வருடத்தில் அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா? கணவர் எந்த முகாமில் இருந்தார், எத்தனை வருடம் முடிவு தெரியாமல் கடிதப்பெட்டியைப் பார்த்துக்கொண்டு இருந்தார், விசாவுக்காக நீங்கள் எத்தனை நாள் காத்திருந்தீர்கள்? நம்மில் பெரும்பாலோர் சொல்வதில்லை. ரோல்ஸும் வடையும் கொடுப்போம், தீபாவளிக்குச் சேலை கட்டிக் காட்டுவோம், அகதி என்ற சொல்லை மட்டும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவோம்.

அதைத் திறவுங்கள். நான் உங்களிடம் கேட்பது இது ஒன்றுதான். அவர் உங்களைக் கூட்டத்திலிருந்து வெளியே எடுத்தார், நீங்கள் அவர் பார்த்திருக்க மறுபடி உள்ளே போய் நில்லுங்கள். உடுப்புத் தோய்க்கும் அறையில் வேண்டாம். அங்கே ஒரு கண் கடிகாரத்திலும் ஒரு கண் மெஷினிலும் இருக்கும். வீட்டுக்கு அழையுங்கள், தேநீர் வையுங்கள், ‘அன்று நீங்கள் சொன்னது எனக்கு வலித்தது’ என்று தொடங்குங்கள். குரலை உயர்த்தாமல், ஆனால் சிரித்து மழுப்பாமலும் சொல்லுங்கள். நம் பெண்கள் கஷ்டமான ஒன்றைச் சொல்லும்போது சிரித்துவிடுவார்கள். சுவிஸ்காரருக்கு அந்தச் சிரிப்பு ‘பெரிய விஷயம் இல்லை’ என்று கேட்கும். பிறகு உங்கள் கதையைச் சொல்லுங்கள். கடைசியில், ‘என்னைச் சொல்லவில்லை என்றால் யாரைச் சொன்னீர்கள்?’ என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் யோசிக்கட்டும்.

என்ன பதில் வரும்? வாடகை, கட்டுமானக் கிரேன்கள், உட்கார இடமில்லாத ரயில் என்று தொடங்கலாம். 2024இல் சூரிச் நகரில் காலியாக இருந்த வீடுகள் 0.07 சதவீதம்தான், அவருடைய பேரப்பிள்ளை வீடு தேடி அலைந்துகொண்டிருக்கலாம். அது உங்கள் மகனும் நாளை படப்போகும் பாடு. அந்தப் பேச்சில் நீங்கள் இருவரும் ஒரே பக்கம், தீர்வில் மட்டும் வேறுபடுவீர்கள். தாராளமாக வாதாடுங்கள். அல்லது, தான் வளர்ந்த ஊரில் பேக்கரி மூடிவிட்டது, தெருவில் வணக்கம் சொல்வார் இல்லை, தோழிகள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள் என்று வரலாம். அது துக்கம். ஊரை இழந்த நமக்கு அந்தத் துக்கம் தெரியாதா? அங்கே வாதம் வேண்டாம், கேட்டுக்கொண்டிருங்கள். அப்படி இல்லாமல், கறுப்பர், முஸ்லிம் என்று கூட்டம் கூட்டமாக இழிவாகப் பேசத் தொடங்கினால், ‘இதை என் வீட்டில் கேட்க எனக்கு விருப்பம் இல்லை’ என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. அன்று அவர் தந்த பாண் இதற்கான விலை ஆகாது. அவர் வாக்கை மாற்றுவாரா என்று என்னிடம் கேட்காதீர்கள், அதை எதிர்பார்த்துக்கொண்டும் போகாதீர்கள்.

மகனை வணக்கம் சொல்லக் கட்டாயப்படுத்த வேண்டாம். ‘உன்னைத் தூக்கி வளர்த்தவர்’ என்று நன்றிக்கடனைக் காட்டி அடக்கவும் வேண்டாம். நீங்களும் உங்கள் கணவரும் இந்த நாட்டுக்கு வந்தவர்கள். அவன் வரவில்லை, இங்கேயே பிறந்தவன். சுவிஸ் பேச்சில் கனவு காணும் பிள்ளைக்கு, ‘உன்னைச் சொல்லவில்லை’ என்பதே பெரிய அவமானம். அவனைச் சொல்வதற்கு என்ன இருக்கிறது? அவனுடைய கோபம், ‘இது என் ஊர்’ என்று அவன் நம்புவதால் வரும் கோபம். எனக்கு அது நல்ல அறிகுறியாகவே படுகிறது.

அந்தக் கோபத்துக்கு ஒரு வழி காட்டுங்கள். நீங்கள் யாரும் இன்னும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவில்லை என்று கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். ‘சி’ எனப்படும் நிரந்தர வதிவு அனுமதி இருந்தால் தாமதிக்காதீர்கள். சட்டம் கேட்பது 10 ஆண்டு வசிப்பு. எட்டு முதல் பதினெட்டு வயது வரையான ஆண்டுகள் இரட்டிப்பாகக் கணக்கிடப்படும், ஆகவே மகனுக்கு அதில் தடையே இல்லை. உங்களுக்கு மொழி குறைந்தது பி1 (இடைநிலை) மட்டத்தில் பேசவும் ஏ2 (அடிப்படை) மட்டத்தில் எழுதவும் வர வேண்டும். முதியோர் இல்லத்தில் நாள் முழுவதும் ஜெர்மனில் பேசும் உங்களுக்குப் பேச்சுப் பரீட்சை ஒரு பொருட்டல்ல, எழுத்துக்கு மட்டும் சில மாதம் வகுப்புக்குப் போங்கள். எத்தனை வருடம் அந்த ஊரிலும் மாநிலத்திலும் இருந்திருக்க வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும், ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். உங்கள் கணவர் ‘எனக்கு வாக்கு இருந்தால்’ என்று தொடங்குகிறார் அல்லவா? அந்த ‘இருந்தால்’ நீங்கட்டும். உண்மையான வாக்குச்சீட்டைக் கையில் வைத்திருக்கும்போது அவர் என்ன எழுதுவார் என்று அப்போது பார்ப்போம். 36 வருடத்துக்கும் மேலாக வரி கட்டியவர், எதை எழுதினாலும் அது அவர் உரிமை.

தேநீருக்கு அந்த அம்மாவை அழைப்பது மகன் வீட்டில் இருக்கும் நேரமாக இருக்கட்டும். அவனையும் வந்து உட்காரச் சொல்ல வேண்டாம். அவன் அறைக்கதவு திறந்திருந்தால் போதும். தன் தாய் தன் கதையைத் தானே ஜெர்மனில் சொல்வதை அவனும் இதுவரை கேட்டிருக்க மாட்டான்.